அத்தை என்று கூப்பிட்ட வாரம்

மாசி மாதக் கடைசியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஆனையூரில் நாங்கள் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த சமயம். மாடிச் சுவருக்கு இன்னும் பூச்சுவேலை முடியவில்லை. என் கணவரின் நண்பர் ஒருவர் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். தமிழ் கற்றுக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வரும் சிலரைக் குடும்பங்களோடு தங்கவைக்க வீடு தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் உங்க வீட்ல, அடுத்த வாரம் எங்க பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துல. அம்புட்டுத்தான் மாப்ள" என்றார்.

கணவர் என்னைக் கேட்கவில்லை. தன் அம்மாவைக் கேட்டார். மாமியார் சரி என்றதும் மாடி அறையில் புது ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

வந்தவர் பின்லாந்துக்காரப் பெண்மணி, நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஐம்பது வயதிருக்கும். வெயில் நாடு ஒன்றில் கால் வைப்பது அதுதான் முதல் முறை. அவர் புறப்பட்ட அன்று அவர் ஊர் ஏரி உறைந்து, அதன்மேல் கார் போய்க்கொண்டிருந்ததாம். அதைக் கேட்ட மாமியார், பாவம், பயணக் களைப்பில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அவருக்கு விளங்காத முதல் விஷயம் ஜன்னல். காலை பத்து மணிக்கே நாங்கள் எல்லாவற்றையும் சாத்தித் திரை போட்டுவிடுவோம். அவர் போய்த் திறப்பார். மாமியார் பின்னாலேயே போய்ச் சாத்துவார். ஒரு கீற்று வெளிச்சம் வந்தால்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்காரும் ஊர் அவருடையது. வெளிச்சத்தை வெளியே நிறுத்திவைக்கும் வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

வந்த இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் காணவில்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், சுடுதரையில் துண்டை விரித்து, கண்ணை மூடி, மல்லாந்து படுத்திருந்தார். முகம் தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது. எனக்குப் பின்னால் ஏறிவந்த மாமியார் பதறிப்போய்க் கத்தினார். குடையை விரித்து அவர் தலைமேல் பிடித்துக்கொண்டு, கையைப் பற்றி எழுப்பி, படி இறங்கும்வரை விடாமல் பேசிக்கொண்டே வந்தார். பயத்தில் வந்த பேச்சுதான். ஆனால் அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. அறைக்குள் போனவர் காபிக்குக்கூட வெளியே வரவில்லை.

நான் டம்ளரோடு போய்க் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு வருடம் தமிழ் படித்தேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. "உங்கள் வீட்டில் நீங்கள் பேசுவது ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. நான் முட்டாள்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. "ஐயோ, அது தமிழே இல்லைங்க! நாங்க வீட்ல பேசுறது சௌராஷ்டிரம். எங்க முன்னோர் குஜராத் பக்கமிருந்து வந்தவங்க. வெளிய போனாத்தான் தமிழ்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். பின்லாந்தில் இருந்தாலும் அவர் குடும்பம் பேசுவது ஸ்வீடிஷ். கடைக்குப் போனால் ஒன்று, அடுக்களைக்குள் வந்தால் இன்னொன்று. "உங்கள் மொழியிலேயே பேசுங்கள், பரவாயில்லை" என்றார்.

மாமியார் அதற்கு ஒப்பவில்லை. "இம்புட்டுத் தூரம் தமிழ் கேக்கணும்னு வந்திருக்கு. அது போறவரைக்கும் வீட்ல எல்லாரும் தமிழ்தான்" என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவையே தமிழில்தான் போட்டார்.

அன்று மாலையே சிக்கல் தொடங்கியது. மாமியாரைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது? அடுத்த வீட்டு மருமகள் தன் மாமியாரை அத்தை என்பாள். நானும் "அத்தை, காபி" என்றேன். அவர் திரும்பவே இல்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தார். புதிதாக யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

என் தமிழ் கல்லூரியில் பேசிய தமிழ், கண்டக்டரிடம் சில்லறை கேட்ட தமிழ், காய்கறிக்காரியிடம் மல்லுக்கட்டிய தமிழ். அதில் தயக்கம் கிடையாது. எங்கள் மொழியில் மாமியாரிடம் பேச எனக்குப் பழகியிருந்தவை சில வாக்கியங்கள்தான்: சரி என்பதற்கு ஒன்று, செய்துவிட்டேன் என்பதற்கு ஒன்று, செய்யட்டுமா என்று கேட்பதற்கு ஒன்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மொழியின் குறை அல்ல. அந்த மொழியில் நான் மருமகளாக மட்டுமே இருந்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் மூவரும் சமையலறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"வீட்டைப் பாத்துக்குறா" என்று மாமியார் பதில் சொன்னார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. "கணக்குல எம்.எஸ்ஸி. படிச்சிருக்கேன்" என்றேன். "கோரிப்பாளையத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஜூன்ல போய்ச் சேரலாம்னு இருக்கேன், அத்தை."

மாமியாரின் கை நின்றுவிட்டது. மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் வைத்திருந்த விஷயம். கணவரிடம்கூட ஜாடையாகத்தான் சொல்லியிருந்தேன். இப்போது அது மொச்சைத் தோலோடு தோலாக எங்கள் நடுவே கிடந்தது. அந்த அம்மாள் மட்டும் ஒன்றும் அறியாமல், "மிக நல்லது" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் மாமியார்.

"எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"இப்ப மட்டும் கேட்டியாக்கும்? போறேன்னுல சொல்ற."

மாமியார் மீதி மொச்சையை உரித்து முடித்தார். முறத்தைத் தட்டினார். பிறகுதான், "ரெண்டு பஸ் மாறணுமா, ஒரே பஸ்ஸா?" என்று கேட்டார்.

"ஒரே பஸ்தான்."

"காலைல சமையலை நான் பாத்துக்குறேன். சாயங்காலம் நீ பாரு."

வார முடிவில் அந்த அம்மாளை அந்த விவசாயக் குடும்பத்தில் விடப் போனபோது நானும் உடன் போனேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, வயலை ஒட்டிய வீடு. அந்த வீட்டுப் பெண் வாசலுக்கே ஓடிவந்து, "வாங்க, வாங்க! என்னத்தா இம்புட்டுச் செவந்து போயிட்டீக? மொதல்ல மோரக் குடிங்க" என்று உரக்க வரவேற்றாள். நம் ஆள் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பி, "இது தமிழா?" என்று மெல்லக் கேட்டார். "இதுதான் தமிழ்" என்றேன். மோரை வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தார்.

நான் வீடு திரும்பியபோது மாமியார் வழக்கம்போல எங்கள் மொழிக்கு மாறியிருந்தார். அத்தை என்ற சொல்லை அதன்பிறகு நான் எடுக்கவே இல்லை. அவர் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எத்தனாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன், ஆண்பிள்ளைகளும் இருப்பார்களா, அடங்குவார்களா என்று எங்கள் மொழியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்தேன். எங்கள் மொழியிலேயே பதில் சொன்னேன். முதல் சில வார்த்தைகள் தடுமாறின, பிறகு பேச்சு சரளமாகவே வந்தது.