புழுக்கொடியலுக்குச் சாட்சி சொன்ன நாள்

எங்கள் வீட்டில் தாடை வலி என்றால் அதற்கு ஒரே காரணம்தான்: புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்துப் பிளந்து வெயிலில் காயப்போட்டால் விறகுச் சிராய்போல ஒன்று கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதைத் தின்பண்டம் என்கிறோம். பல்லில் நம்பிக்கை இல்லாதவர்கள் இடித்துத் தின்பார்கள். பெரியம்மா கடித்தே தின்பார். ஐம்பத்தைந்து வயதிலும் ஒரு பல்கூட விழவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. கல்யாணம் கட்டாமல் எங்களோடுதான் இருந்தார். பண்டத்தரிப்பில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் நானும் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். காலையில் அவருடைய சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்தால் மூன்று மைல் எனக்கு வேலையில்லை. அந்தச் சைக்கிள் அப்பாவின் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"உந்த வயசிலை உங்களுக்கு உது தேவையோ மச்சாள்? பஸ்ஸிலை போங்கோவன்" என்பார்.

பெரியம்மா மறுநாள் விடிய, சைக்கிளை இன்னும் கொஞ்சம் பளபளப்பாகத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

சோளகக் காற்று பலமாக வீசிய ஆனி மாதம் அது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று. வெங்காயத் தோட்டங்களைத் தாண்டும் இடத்தில் ஒருநாள் பெரியம்மா சட்டென்று இறங்கினார். சைக்கிளைப் பனையில் சாய்த்துவிட்டு இடது தாடையைப் பொத்திக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்று கைப்பையிலிருந்து தோடம்பழ இனிப்பு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தப் பனையடியில் நின்றோம். இனிப்பும் தவறாமல் வந்தது. என்னளவில் அது நல்ல ஏற்பாடு.

ஒருநாள் பின்னேரம் முற்றம் கூட்டிவிட்டு நிமிர்ந்தவர் தாடையைப் பிடித்ததை அம்மா கண்டுவிட்டார். பல்தான் என்று சொல்லி, கராம்பு ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி காதுக்குள் காற்றுப் போயிருக்கும் என்று பஞ்சோடு வந்தார். அப்பா புழுக்கொடியல் என்று தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா உடனே அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டார். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பெரியம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு பல் வைத்தியரிடம் போனார். அவர் பொறுமையான மனிதர். பல்லையெல்லாம் தட்டிப் பார்த்தார். சொத்தை இருந்தாலும் தாடை நோகும், காதடியில் உள்ள மூட்டுத் தேய்ந்தாலும் நோகும், நித்திரையில் பல்லை நெருமினாலும் நோகும் என்றார். பிறகு கேட்டார்: "சப்பேக்கைதானே ரீச்சர் நோகுது?"

"ஓம்" என்றார் பெரியம்மா, வைத்தியரை நேரே பார்த்தபடி.

இரண்டு வாரத்துக்குக் கடினமான எதையும் கடிக்கவேண்டாம், மாறாவிட்டால் திரும்பி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்பா அந்தத் தடையை முழுக் குடும்பத்துக்கும் விரித்தார். புழுக்கொடியல் இருந்த பிஸ்கட் பேணி அலுமாரியின் உச்சிக்குப் போனது. என் தாடைக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் அழுது பார்த்தேன். எடுபடவில்லை. உண்மையில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு பாவமும் செய்யாத புழுக்கொடியலைத் தண்டித்துவிட்டார்கள். அது எனக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு கிழமையும் கஞ்சியும் இடியப்பமுமாகப் போயின. வலி மாறவில்லை. பனையடிக்கு வருமுன்பே பெரியம்மா இறங்கத் தொடங்கியிருந்தார். வைத்தியரிடம் மறுபடி போன அன்று, வாசலில் இருந்த நாலு படி ஏறுவதற்குள் ஒருமுறை நின்றார்.

"கடினமானது ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?" என்றார் வைத்தியர்.

"அண்டைக்கு ஒரு துண்டு களவாக் கடிச்சுப்போட்டன்" என்றார் பெரியம்மா.

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய்! புழுக்கொடியலாலை இல்லை. சைக்கிள் உழக்கேக்கைதான் நோகும். இறங்கி நிண்டா மாறிடும். இப்ப படியிலை ஏறேக்கையும் நிண்டவா."

வைத்தியர் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தே கேட்டார்: "நோகேக்கை வேர்க்கிறதோ பிள்ளை?"

"ஓம். மூச்சும் வாங்கும். கையையும் தடவுவா. இந்தக் கை" என்று என் இடது கையை நீட்டிக் காட்டினேன்.

"ரீச்சர், இது பல்லு வருத்தம் இல்லை. நெஞ்சு வருத்தம் தாடையிலையும் நோகும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும். சைக்கிளைத் தொடவேண்டாம்."

அம்புலன்ஸ் வரும்வரை பெரியம்மா என்னை ஏசவில்லை. யன்னலுக்கு வெளியே மதிலில் சாய்ந்து நின்ற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. காலையில் வாங்கிய இனிப்பு சட்டைப்பைக்குள் உருகிக் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் திருப்பி வைத்தேன். சொல்லிவிட்டேன் என்றால் இனிப்பும் எனக்கில்லை; கணக்கு அப்படித்தான் என்று நினைத்தேன்.

நெஞ்சுக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைபட்டிருந்ததாம். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று அம்மா தொடங்குவார், முடிக்கமாட்டார். குழாய்க்குள் சின்னதாய் ஒரு வலைச்சுருள் வைத்து, பை நிறைய மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறுதலாக நடக்கலாம், சில மாதம் போனால் சைக்கிளும் ஓடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் கேட்டார். சைக்கிள் பின்பக்கக் கொட்டிலுக்குப் போனது. பெரியம்மா பஸ்ஸுக்குப் போனார். நானும் போனேன்.

பேணி அலுமாரியிலிருந்து இறங்கியது. ஊரே என்னைக் கெட்டிக்காரி என்றது. பெரியம்மா தன் பங்கையும் எனக்கே தந்தார். எனக்கு எல்லாம் சரியாக நடந்துவிட்டதாகத் தோன்றியது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியம்மா கொட்டிலுக்குள் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடிப்பார். சில்லை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் கேட்டேன்: "ஓடாத சைக்கிளுக்கு என்னத்துக்குப் பெரியம்மா காத்து?"

"காத்தில்லாமல் நிண்டால் டயர் வெடிச்சுப்போம் பிள்ளை."

நியாயமான பதில் என்றுதான் எனக்குப் பட்டது. புழுக்கொடியல் துண்டைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு, அவர் களைக்காமல் இருக்கட்டும் என்று பம்பை நான் வாங்கி அடித்துக்கொடுத்தேன்.