லிஃப்டுக்குள் நின்றவர்

ஹோட்டலின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் பகுதியில், அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை அவள் மடித்து வைத்தால் ஓரங்கள் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். பேச்சும் அப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் வெளியே வராது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் ஓயாது.

"எங்க வீட்டுக்காரர் சினிமாவுல நடிச்சிருக்கார், தெரியுமா?"

நடித்திருக்கிறார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே படப்பிடிப்பு நடந்திருக்கிறது. "நீங்க உள்ளேயே நின்னு உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். படத்தில் லிஃப்ட் கதவு திறக்கும். கதாநாயகி கோபமாக வெளியே வருவாள். அவளுக்குப் பின்னால், சீருடையில் இவர். கதவு மூடுவதற்குள் நம் பக்கம் திரும்பி வாய் நிறைய ஒரு சிரிப்பு. கண்ணைச் சிமிட்டினால் போய்விடும்.

அவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, மகள்தான் அந்தப் படத்தை டிவியிலேயே காசு கட்டி வாங்கினாள். வீட்டிலிருந்த டிஸ்க்குகளையும் பிளேயரையும் புது டிவி வந்தபோதே பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"இனிமே இது நம்ம படம்மா. எப்ப வேணா பாத்துக்கலாம்" என்றாள் மகள்.

மடிப்பக்காவும் பார்த்தாள். விடுமுறை வந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படம்தான். கதை மனப்பாடம், வசனம் மனப்பாடம். லிஃப்ட் வரும் இடத்தில் மட்டும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

அப்படி ஒரு மதியம் லிஃப்ட் கதவு திறந்தது. கதாநாயகி வெளியே வந்தாள். பின்னால் யாருமில்லை.

வெறும் எஃகுச் சுவர். மேலே விளக்கு. யாருக்காகவோ காத்திருந்துவிட்டு, கதவு தானாக மூடிக்கொண்டது.

பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் காலி. மகளைக் கூப்பிட்டாள்.

"வேற இடமா இருக்கும்மா. நல்லாப் பாரு" என்று அசட்டையாக வந்த மகள், பார்த்ததும் சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, அந்தச் சுவரைப் பாரேன்."

கதாநாயகி நகர்ந்த பிறகு எஃகுச் சுவரில் மங்கலாக ஒரு நிழல் அசைந்தது. ஆளைத் துடைத்தவர்கள் நிழலைத் துடைக்க மறந்திருந்தார்கள்.

படம் விற்ற நிறுவனத்துக்கு மகள் போன் போட்டாள். நெடுநேரம் பாட்டைக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள். குரல் தேனாக இருந்தது.

"அது புதுப்பிச்ச பிரதி மேடம். பழசு இனிமே கிடைக்காது."

"நாங்க காசு குடுத்து வாங்கினதுங்க!"

"நீங்க வாங்கினது படத்தை இல்ல மேடம், படம் பாக்கிற அனுமதியை. அந்த அனுமதி இப்பவும் உங்ககிட்டதானே இருக்கு?"

என்ன நடந்தது என்று எழுத்தில் பதில் கேட்டுவிட்டு மகள் போனை வைத்தாள். மடிப்பக்காவுக்குக் கொழுந்தன் நினைவு வந்தது. அவர் எதையும் தூக்கிப் போடாத ஆசாமி. ஓட்டைக் குடைகூட வீட்டில் பத்திரமாக இருக்கும். கேட்டதும் பரணைக் குடைந்து, அட்டை வெளிறிப்போன அந்தப் படத்து டிஸ்க்கையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நம்ம கையில இருக்கிற டிஸ்க்ல எவன் வந்து கைவைக்க முடியும் அண்ணி?" என்றபடி ஒயரை மாட்டினார்.

படம் மங்கலாகத்தான் ஓடியது. லிஃப்ட் கதவு திறந்தது. கதாநாயகி வெளியே வந்தாள். பின்னால் அவர் இருந்தார். மகள் கைதட்டிவிட்டாள்.

ஆனால் அவர் திரும்பவில்லை. பொத்தான் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். கதவு மூடிக்கொண்டது.

"அண்ணன் அப்படித்தான். வேலைன்னு இறங்கிட்டா இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டார்" என்று கொழுந்தன் சிரித்தார்.

மடிப்பக்கா சிரிக்கவில்லை. இத்தனை காலம் தன்னைப் பார்த்துச் சிரித்தது யார்? சின்ன வயதிலேயே விழுந்து அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அந்தக் கூச்சத்தில், சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். டிவியில் அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்து, படத்துக்காகக் கூச்சத்தை விட்டுவிட்டார் போல என்றுதான் அவள் பூரித்திருந்தாள். அந்தப் பல் உடைந்திருந்ததா, முழுசாக இருந்ததா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நிறுவனத்தின் பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். முதலில் அவர்கள் ஏற்றிய பிரதியில், மங்கலான ஆட்களுக்கெல்லாம் கணினியே முகமும் அசைவும் கொடுத்துத் துலக்கியிருந்ததாம். இப்போதைய பிரதியில், எழுத்தில் ஒப்புதல் தராத ஆட்களை எடுத்துவிட்டார்களாம். குடும்பத்தில் ஒருவர் ஒப்புதல் தந்தால், அவரைச் சிரித்த முகத்தோடு திரும்பச் சேர்த்துவிடுவார்களாம்.

"ஒரு கையெழுத்துதாம்மா. அப்பா திரும்ப வந்துடுவாரு."

"அது உங்கப்பா இல்லடி."

"எனக்கு அந்தச் சிரிப்பு வேணும். முதுகை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"யாரோ ஒருத்தனுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போட மாட்டேன்."

மகள் போட்டாள். அவளும் குடும்பம்தானே.

கொஞ்ச நாளில் டிவியில் அவர் திரும்பிவந்தார். மகள் கூப்பிட்டாள் என்று மடிப்பக்காவும் வந்து நின்று பார்த்தாள். லிஃப்டுக்குள்ளிருந்து அவர் திரும்பினார், சிரித்தார். வரிசை தப்பாத வெள்ளைப் பற்கள். கண்கள் நேராக அவளைத்தான் பார்த்தன. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடிப்பக்காவுக்கு, வேற்று ஆள் ஒருவர் தன் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு, மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து டிஸ்க்கைப் போட்டு அந்த முதுகைப் பார்ப்பாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

சில மாதங்கள் கழித்துக் கொழுந்தன் வந்திருந்தார். அவரும் வரும்போதெல்லாம் மகளோடு உட்கார்ந்து டிவியில் அந்தச் சிரிப்பைப் பார்ப்பவர்தான். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன் தம்பி, உங்க அண்ணன் சிரிச்சா எப்படி இருக்கும்?"

கூடவே பிறந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர். யோசிக்கக்கூட இல்லை.

"அதை மறக்க முடியுமா அண்ணி? தலையை லேசாச் சாய்ச்சு, பல்லு அத்தனையும் பளிச்சுனு தெரிய ஒரு சிரிப்பு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஏன், உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எந்தப் பக்கத்து முன்பல் உடைந்திருந்தது என்று சொல்ல நினைத்தாள். வலமா இடமா என்று பிடிபடவில்லை.

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.