மச்சானின் கொழுப்பு

போன மாதம் அறந்தாங்கியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டில் கை வைத்ததும் மச்சான் - அதாவது அக்கா வீட்டுக்காரர் - வாசலுக்கு வந்தார்.

"யாருங்க நீங்க? யாரப் பாக்கணும்?"

எங்கள் பக்கத்து மச்சான், மாப்பிள்ளை வம்பு உங்களுக்குத் தெரியாததா? நாள் கழித்துப் போனால் இப்படித்தான் வரவேற்பு. நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"ஈ.பி.யிலேர்ந்து வாரேங்க. மீட்டர் ரீடிங் எடுக்கணும்."

உடனே அவர் வெடித்துச் சிரித்து, "வாங்க மாப்ளே!" என்று தோளில் கை போட வேண்டும். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அதுதான் நடக்கும்.

மச்சான் சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்.

"மீட்டர் இங்கிட்டு இருக்கு, வாங்க" என்று முன்னால் நடந்தார். மீட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடடா... என்ன நடிப்பு!

"ஒன் மச்சானுக்கு இருக்கிற கொழுப்பப் பாருடா!" சமையலறை ஜன்னலில் அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சானும் சிரித்தார். ஆனால் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு... கொஞ்சம் தாமதமாக.

நான் அந்த "வாங்க மாப்ளே"க்காக நின்றேன்.

"ரீடிங் எடுத்தாச்சுங்களா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

அப்போதுதான் உறைத்தது, அவர் நடிக்கவில்லை. எத்தனை மாதமாக இந்த மனிதர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்? யாருக்குத் தெரியும்!

புதுக்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேன், ஞாபகப் பரிசோதனை எல்லாம் முடிந்தபின், அல்சைமர் மறதி நோயின் ஆரம்பம் போலத் தெரிகிறது என்றார். பழைய ரத்த ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"கெட்ட கொழுப்பு ரொம்ப நாளா ஏறியே இருந்திருக்கே... மாத்திரை சாப்பிடலையா?"

கல்ஃபில் வேலை பார்த்தவரை சாப்பிட்டார். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை? - நாம் எல்லோரும் சொல்வதுதான்.

கொழுப்பு இதயத்தை அடைக்கும், தெரியும். மூளையில் அதற்கு என்ன வேலை?

"நடு வயசுல கெட்ட கொழுப்பு கூடுதலா இருந்தா, பின்னாடி மறதி நோய் வர்ற வாய்ப்பும் கூடுது. இந்த நோய்ல மூளையில ஒரு புரதம் படியும். அதுக்கும் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கும்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

அக்காவுக்கு அந்தக் கடைசி வரி காதில் விழவே இல்லை.

"கொழுப்பு, கொழுப்புன்னு நாந்தானே டாக்டர் வாய் ஓயாம வஞ்சேன்..." என்று அழுதாள்.

மறுநாளே நானும் டெஸ்ட் எடுத்தேன். எனக்கும் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. பயம்தான், வேறென்ன?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன்.

"வாங்க மாப்ளே!" - கேட்டிலேயே மச்சான் குரல். தோளில் கை. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா காபி கொண்டுவந்தாள். அவளை "ஏ புள்ள" என்றே கூப்பிட்டுப் பழகிய மச்சான், எழுந்து நின்று இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார்.

"நீங்க யாரு தாயி?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கொழுப்புதான் ஒங்களுக்கு..." என்றாள்.

இந்த முறை நாங்கள் அவசரப்பட்டுச் சிரிக்கவில்லை. அவர் முதலில் சிரிக்கட்டும் என்று இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிரிச்சிருங்க மச்சான்...