பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு நாய்க்கடி

தென்காசியில் செவிலியர் வேலை பார்ப்பதில் எனக்குள்ள பெரிய தொந்தரவு, பக்கத்திலேயே குற்றாலம் இருப்பதுதான். சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேர் அருவிக்குப் போய்விடுவார்கள். மூட்டுவலியா, மெயின் அருவி. தலைசுற்றலா, ஐந்தருவி. அரிப்பா, பழைய குற்றாலம். மலையில் மூலிகைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீராம், அதில் நின்றால் எல்லாம் சரியாகிவிடுமாம். இதைக் கேட்டுக் கேட்டு, யாராவது ‘மூலிகைத் தண்ணி’ என்று வாயெடுத்தாலே எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

ஏட்டையா வந்த அன்றும் அப்படித்தான் வந்தது. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வார்டுக்காரர். கூட்டமெல்லாம் கலையும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பற்கள் நன்றாக இறங்கியிருந்தன.

“எப்ப கடிச்சது அண்ணாச்சி?”

“நேத்து சாயங்காலம்.”

“நேத்தே ஏன் வரல?”

“நேரா ஐந்தருவிக்குப் போயி காலைக் காட்டிக்கிட்டு நின்னேம்லா. மூலிகைத் தண்ணி.”

நான் திட்ட வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். நாய் கடித்தால் முதலில் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொல்வது நாங்கள்தான். சோப்பு ஒன்றுதான் குறை. தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் செய்துவிட்டு வந்து நிற்பவரை என்னவென்று திட்டுவது? அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காயத்தை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவி, முதல் ஊசியைப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காயத்தைச் சுற்றிப் போடவேண்டிய மருந்தையும் போடவைத்தேன். மிச்சமுள்ள ஊசிகளுக்கு எப்போதெப்போது வரவேண்டும் என்றும் சொன்னேன்.

“யாரு வீட்டு நாய்?” என்று கேட்டதும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. மகனுக்குப் பெண் பார்க்க வடகரைக்குப் போயிருக்கிறார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆகி, இவர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போன இடத்தில் அந்த வீட்டு நாய் கவ்விவிட்டது. சத்தமே போடாமல் காலை உதறிக்கொண்டு, துண்டால் துடைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து காப்பியும் குடித்திருக்கிறார். பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் இவர்தான்.

“கடிச்சவுடனே சொல்றதுக்கு என்ன?”

“எம் பொஞ்சாதியப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்?”

தெரியும். தெருவுக்கே தெரியும். அந்த அக்கா சகுனம் பார்ப்பதில் பெரிய ஆள். கரண்டு போனதற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்றவர். காப்பித் தட்டு சாய்ந்ததற்காக இன்னொன்று. ஒரு வீட்டில் எல்லாம் கூடிவந்த பிறகு, திரும்பும் வழியில் கார் டயர் பஞ்சர் ஆனதற்காக அதையும் விட்டுவிட்டார். மகனுக்கு முன்வழுக்கை விழுந்ததுதான் மிச்சம்.

“பையன் இந்தப் புள்ளயப் பாத்துட்டு சிரிச்சான் சிஸ்டர். இத்தன வருசத்துல எந்த வீட்டுலயும் அவன் சிரிச்சு நான் பாக்கல. நான் ரத்தத்தோட வந்து நின்னேன்னு வைங்க, அவ அங்கனயே எந்திரிச்சு செருப்ப மாட்டிருவா. நிச்சயம் முடியிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது.”

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நாய்க்கு வெறி இருக்கிறதா என்று பத்து நாளாவது கவனிக்கவேண்டுமே. வடகரைப் பக்கம் செவிலியராக இருக்கும் என் தோழிக்குப் போன் செய்தேன். யாரைக் கடித்தது என்று வாயைத் திறக்காமல், அந்த வீட்டு நாயை மட்டும் பார்த்துவிட்டு வா என்று சொன்னேன்.

அவளும் போனாள். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சௌகரியமா, நாய் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போனவுடன் இரண்டு தரப்பிலும் விசாரிப்பு தொடங்கிவிடும். டீக்கடையில், ரேஷன் கடையில், பக்கத்து வீட்டில், பஸ் கண்டக்டரிடம்கூட விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பாவோ போலீசில் இருந்தவர். அரசாங்க நர்ஸ் படியேறி வந்து உடம்பைப் பற்றிக் கேட்டதும், பெண்ணின் அப்பாவுக்கு இது விசாரிப்புதான் என்று பட்டுவிட்டது. நாயைப் பற்றிக்கூட விசாரிக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று அசந்துபோயிருக்கிறார்.

“எங்க வீட்டு நாய் ரொம்ப சாதும்மா. தயிர்ச்சோறுதான் திங்கும். வந்தவங்களப் பாத்து ஒரு சத்தம் போடாது. எங்க பொண்ணு மாதிரியே கொணம்” என்று சொன்னாராம். தோழி இதைச் சொல்லிவிட்டுப் போனிலேயே சிரித்தாள். நாய் வெளியே போயிருக்கிறது என்று அன்றைக்கு அதைக் கண்ணில் காட்டவில்லையாம். மறுநாளைக்கு மறுநாள் அவள் திரும்பப் போனபோது நாயைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, முன்வாசலில் கட்டியிருந்தார்களாம். நன்றாக இருக்கிறது என்று படமும் எடுத்து அனுப்பினாள். நான் வேலை அவசரத்தில் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவது ஊசிக்கு வந்த ஏட்டையாவிடம், நாய் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஊசியை நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் காதில் முன்பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது.

மூன்றாவது ஊசிக்கு ஆள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து பெரிய கோயில் வழியாகப் போனபோது, கோபுரவாசலில் எப்போதும் அடிக்கிற பேய்க்காற்றில் சட்டை படபடக்க உட்கார்ந்திருந்தார். எந்தக் கவலையும் இல்லாத முகம்.

“ஏன் வரல?”

“இன்னொருவாட்டி வந்தா தெருவுல என்ன பேசுவாவ? ஒருவாட்டின்னா பிபி பாக்கன்னு சொல்லலாம். ரெண்டுவாட்டின்னா சுகருன்னு சொல்லலாம். மூணாவதுவாட்டி போனா மாப்பிள்ள வீட்டுல பெரிய சீக்குன்னு வடகரை வரைக்கும் போயிரும். நாய்தான் நல்லாருக்குல்லா? நானும் நல்லாத்தான் இருக்கேன். தெனமும் செக் பண்ணிக்கிடுதேன்.”

“என்னத்த செக் பண்ணுதிய?”

“அந்த நோவு வந்தா தண்ணியக் கண்டு பயம் வருமாம்லா? காலையில எந்திரிச்சதும் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போயிருதேன். கீழ நின்னு அண்ணாந்து பாக்கேன். ஒரு பயமும் இல்ல சிஸ்டர். சும்மா ஜம்முன்னு இருக்கு.”

கோயில் வாசல் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். பூ விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பயம் வந்தப்பொறம் போடுறதுக்கு இந்த ஒலகத்துலயே மருந்து கெடையாது அண்ணாச்சி. அது வாரதுக்கு முந்தி போடுறதுக்குத்தான் ஊசி. அருவியில நின்னு கண்டுபிடிச்சிட்டு வந்து எங்கிட்ட என்ன செய்யச் சொல்லுதிய?”

அவர் கொஞ்சம் அடங்கினார். ஆனாலும் விடவில்லை. “நாய்தான் நல்லாருக்கே” என்று முனகினார். அவர் வாயை அடைக்கலாம் என்று நினைத்து, ஆமாம், நாய் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்காக ஊசியை விட்டுவிட முடியாது என்று சொல்லிப் போனில் இருந்த படத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, முகம், காது, வால் என்று வரிசையாகப் பார்த்தார். அத்தனை வருடம் பார்த்த போலீஸ் வேலை.

“இது யாரு?”

“அவங்க வீட்டு நாய்.”

“இல்ல சிஸ்டர். என்னக் கடிச்சது செவல. ஒரு காது மடங்கியிருக்கும். இது வெள்ள. புசுபுசுன்னு இருக்கு. இது ஆளு வேற.”

அங்கேயே நின்று தோழிக்குப் போன் செய்து, உடனே போய் உண்மையைக் கேள் என்றேன். இரவு அவள் திரும்பக் கூப்பிட்டாள். சம்பந்தம் பேசுகிற நேரத்தில் கடிநாய் வீட்டில் இருந்தால் பெயர் கெட்டுவிடும் என்று செவலையைச் செங்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளை நாயை வாங்கி வாசலில் கட்டியிருக்கிறார்கள். தோப்புக்குப் போன நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதற்கு வெறி இருக்கிறதா, இல்லையா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை. எதற்காக இப்படித் துருவிக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் பிடித்துக்கொண்டதில், யாரைக் கடித்தது என்பதையும் தோழி சொல்லிவிட்டாள். அவளையும் ஒரு பாட்டம் திட்டினேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. பயமாகவே இருந்தது. ஒரு மனிதர் மகனுடைய கல்யாணத்துக்காகத் தன் உயிரை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார், அதை நான் மட்டும் வாயை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு விடவில்லை. காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். அவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, கையோடு இழுத்துக்கொண்டு போகலாம் என்று எண்ணம். அக்கா சமையல்கட்டில் இருந்தார். நாய் ஓடிப்போனதைக் கேட்டதும் ஏட்டையாவின் முகம் வெளுத்துவிட்டது.

“நிச்சயத்துக்கு இன்னும் ஒரு வாரந்தான சிஸ்டர். முடிஞ்ச கையோட வந்துருதேன்” என்று குசுகுசுத்தார். அவருக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் பிடிவாதம் பிடித்தார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் பெண்ணின் அப்பா. கையில் ஒரு பை மங்குஸ்தான். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் பழத்தோடு போகவேண்டும் என்ற முறை தெரிந்த மனிதர். நான் கண்ணைக் காட்டினேன், ஏட்டையா கையை ஆட்டினார். வந்தவர் எதையும் கவனிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து வந்த அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிக்கிடணும் மதினி. எங்க வீட்டு நாய் அத்தான இப்படிக் கடிச்சிவைக்கும்னு நாங்க நெனைக்கல. அவியளும் ஒரு வார்த்த சொல்லல. இப்ப அந்த நாயும் ஓடிப்போச்சு.”

“எந்த நாய்? எப்ப?” என்றார் அக்கா.

ஏட்டையா சுவரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். கடித்தது, மறைத்தது, ஊசியை விட்டது, எதற்காக விட்டார் என்பது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, குனிந்து, புருஷனின் வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த காயத்தைக் கையால் தொட்டார்.

“முள்ளு குத்திட்டுன்னு சொன்னீயளே” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“இல்ல, பையனுக்கு இந்தப் புள்ளயப் புடிச்சிருந்துது… நீ சகுனம்னு சொல்லி…”

“தீயப் போடுங்க சகுனத்துல. அவனுக்கு இந்தப் பொண்ணு இல்லாட்டா இன்னொரு பொண்ணு. அதுவும் வராட்டா இருந்துட்டுப் போறான். நீங்க போயிட்டா நான் எந்த ஊருல போயி ஒங்களத் தேடுவேன்?” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதபடியே அவர் தோளில் ஒரு அடியும் போட்டார். ஏட்டையா வாங்கிக்கொண்டு நின்றார்.

பெண்ணின் அப்பாதான் பாவம். பையைக் கீழே வைப்பதா, எடுத்துக்கொண்டு கிளம்புவதா என்று தெரியாமல் தவித்தார். “அப்ப இந்தச் சம்பந்தம்…” என்று இழுத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். “அந்த ஆட்டோவ நிக்கச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

நான்கு பேரும் அதே ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மங்குஸ்தான் பை பெண்ணின் அப்பா மடியில். வழி நெடுக அவர் பையின் காதைத் திருகிக்கொண்டே வந்தார். மகளிடம் என்னவென்று போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

சுகாதார நிலையத்தில் அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். அக்கா புருஷனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டையா கூச்சத்தில் குறுகிப்போனார்.

“என்னக்கா, அண்ணாச்சிக்கு என்ன?” என்று ஒருத்தி கேட்டாள்.

அக்கா அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “நாய் கடிச்சிட்டு. வேற யாரு வீட்டு நாயும் இல்ல, எங்க சம்பந்தி வீட்டு நாய்தான்.”

பின்னால் வந்துகொண்டிருந்த பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். பழப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.