கண்ணாடிப் பெட்டியில் ஒரு மண்டையோடு

இந்தக் கிரேக்கத் தீவில் செத்தவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பார்க்க டிக்கெட் போடுகிறார்கள். தொல்பொருள் மியூசியத்தில் தூசி துடைப்பது என் பிழைப்பு. காலையில் மூன்றாம் அறை மண்டையோட்டுப் பெட்டியைத் துடைத்த கையோடு கடலில் இறங்கி முழுகிவிட்டுத்தான் மற்ற வேலை. பிணத்தண்டை போனவன் முழுகாமல் எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். மூவாயிரம் வருஷத்துப் பிணமானாலும் பிணம் பிணம்தானே. குளிர்காலத்திலும் நான் முழுகுவதைப் பார்த்துக் காவலாளி மனோலிஸ், “திரெலோஸ்!” என்று சிரிப்பான். பைத்தியம் என்று அர்த்தம். “ஊர்க் கடல் ஞாபகமா?” என்று முதுகிலும் தட்டுவான். நானும் தலையாட்டி வைப்பேன்.

மண்டையோட்டின் இடது நெற்றியில் ஒரு பள்ளம். கல்லடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். திருவிடந்தைக்குத் தெற்கே எங்கள் குப்பம். கட்டுமரக்காரர் வலைகளை விசைப்படகு லாஞ்சிகள் கிழித்துக்கொண்டு போன காலம். கடலில் துடுப்பால் மண்டைகளை உடைத்தோம். கரையில் லாஞ்சிகளைக் கொளுத்தினோம். பிள்ளைகுட்டி இல்லாத என் அண்ணன் ஏகாம்பரம் கூலிக்கு லாஞ்சி ஏறிவிட்டான். அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை. ஒருநாள் அவன் போன லாஞ்சி என் வலைமேலேயே வந்து நின்றது. அண்ணன் கத்தியோடு குனிந்தான்.

“வலைய அறுத்தே, கொன்னுடுவேன்!”

“டேய், இருடா! எஞ்சின் விசிறில மாட்டிகினு கீது, எட்த்துத் தரேன்!”

எஞ்சின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. மீதி புரிவதற்குள் நங்கூரக்கல் என் கையை விட்டிருந்தது. மண்டை பிளந்து, லாஞ்சித் தளமெல்லாம் ரத்தம். பிணம் கரை சேருமுன் ஓடினேன். மெட்ராஸ் ஹார்பரில் ஒரு கிரேக்கக் கப்பல் ஏறினேன். கொன்றவனும் நான், கொள்ளி வைக்க வேண்டியவனும் நான். பாவி, கொன்றதோடு நின்றுவிட்டேன்.

போன வாரம் அந்த மண்டையோட்டை ஏதென்ஸுக்கு அனுப்புவதாக மியூசியத்தை நடத்தும் அம்மாள் சொன்னார். அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினேன்.

“அவன் உனக்கு என்ன வேண்டும்?”

“அண்ணன்.”

“அழகாகச் சொன்னாய், மனிதர்கள் எல்லோரும் சகோதரர்கள்தான்” என்று நெகிழ்ந்துபோனார்.

மண்டையோடு வைத்துக் கட்டிய பெட்டியைப் படகுத்துறைக்கு நானே சுமந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் வைத்து நடந்தேன். மனோலிஸ் சிரிக்கவில்லை. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். நான் கப்பல் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். காலடியில் கடல் இருந்தது. இந்த முறை முழுகினால் அண்ணனும் ஊரும் ஒருசேரப் போய்விடும் என்று பயந்து, முழுகாமலே திரும்பினேன்.