இரண்டு மணி, இடது

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். இறந்தவரைத் துடைத்துச் சுத்தம் செய்த கையோடு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் 'இரும்பு'. அதனால் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அந்த வீட்டில் ஒரு பெரியவர். பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. மகள் வேலை முடிந்து வர மாலை ஆறு ஆகும். அவருக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். மதியம் இரண்டு மணிக்கு நான் போய் அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் புண் எலும்பு வரை போய்விடும். திருப்பியதும் சுவரில் தொங்கும் அட்டையில் நேரமும் பக்கமும் எழுத வேண்டும். பக்கம் என்றால் நோயாளியின் இடது, வலது. எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான்.

அன்று முந்தைய வீட்டில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேரும்போது மணி 3.20. காலையில் அவரை இடது பக்கமாகப் படுக்க வைத்திருந்தேன். அவசரமாகப் பூட்டைத் திறந்தேன்.

பெரியவர் வலது பக்கமாகப் படுத்திருந்தார்.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தானாகப் புரள அவரால் முடியாது.

அட்டையைப் பார்த்தேன். '2.00 – இடது.' என் கையெழுத்து இல்லை.

இடதா? ஆள் வலது பக்கம் அல்லவா...

"ம்ம்ஹ்..."

கனமான எதையோ தூக்கிவிட்டு மூச்சு விடும் சத்தம். கட்டிலுக்கு அந்தப் பக்கம்.

யாரும் இல்லை.

பெரியவரின் கண்கள் அங்கேயே நின்றன...

மணி 3.24.

வாசலுக்கு ஓடி மகளுக்கு போன் போட்டேன்.

"நீ வந்து திருப்பினியாம்மா?"

"இல்லையே சிஸ்டர். இன்னொரு சாவி என் பையிலதான் இருக்கு."

அட்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"படுத்திருக்கிறவரோட இடது, வலதுன்னு பாத்து எழுதறது அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல சிஸ்டர். எதிர்ல நின்னு, தன்னோட கைப்பக்கத்தைப் பாத்துத்தான் எழுதுவாங்க."

அதுவரை பெரியவரைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மா இறந்து நான்கு மாதம். அதற்குப் பிறகுதான் என்னை வைத்தார்கள்.

மாலையில் மகள் பழைய அட்டையை எடுத்து நீட்டினாள். கடைசி வரி... '2.00 – இடது.' அதே கையெழுத்து.

"எழுதிட்டு அப்படியே கட்டிலோரமா விழுந்துட்டாங்க. நான் ஆறு மணிக்கு வந்து பாத்தப்ப, அப்பா காலையில படுத்த பக்கமேதான் இருந்தார். எழுதிட்டாங்க சிஸ்டர்... திருப்பல. அந்தப் புண் வந்ததே அன்னைக்குத்தான்."