மண்ணெண்ணெயில் கழுவிய எழுத்து

"அம்மா, நம்ம போட்டுக்கு பேரு இந்த எழுத்துலதான் எழுதப் போறேன். தூரத்துல இருந்தே தெரியும்லா?" மகன் போனை நீட்டினான்.

திரையில் படகின் பெயர்: ஞானதீபம். நிற்கும் கோடுகள் பனைமரமாய்த் தடித்து, வளைவுகள் மயிரிழையாய் மெலிந்து, முனைகளில் சிறு பாதம் வைத்த எழுத்து. பார்த்ததுமே எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

அப்பாவின் அச்சகத்தில் அந்த மர எழுத்துகள் சாவு நோட்டீசுக்கு மட்டும்தான் வெளியே வரும். கல்யாணத்துக்கு யார் கேட்டாலும் தரமாட்டார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் போதும், அவற்றை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவத் தொடங்கிவிடுவார். அந்த வாடை வந்ததும் எங்கள் தெருப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒருமுறை பக்கத்து வீட்டு பிலோமி அக்கா வந்து நின்றாள். அவள் புருசன் ஞானப்பிரகாசம் அப்போது கடலில் இருந்தான்.

"இப்பமே எதுக்கு அண்ணாச்சி கழுவுதிய?"

"தூசி கெடக்கு தாயி." அப்பா நிமிரவில்லை.

அவர் உள்ளே போனதும் அக்கா பெட்டியில் இருந்த ஒரே 'ஞ'வை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அது இல்லாமல் அவன் பெயரைக் கோக்க முடியாதே. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவன் பெயரில் முதல் எழுத்து மட்டும் வேறு அச்சில், மெலிந்து நின்றது.

"நல்லாருக்காம்மா?" என்றான் மகன். விடிந்தால் அவன் கடலுக்குப் போகிறான். காலையிலிருந்து காற்றே இல்லை.

போன் கண்ணாடியில் அந்த 'ஞ'வை விரலால் பிடித்துப் பார்த்தேன். அது கையோடு வரவில்லை.